தோற்ற ஆட்டத்தின் தாள் எங்கே?

ஈரோட்டில் செஸ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துப் பதினாறு வருஷமாகிறது. வேலைக்குப் போய்க்கொண்டே டோர்னமெண்ட் ஆடுகிற பெரியவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெருந்துறை, கோபி, நாமக்கல், திருப்பூர் என்று பல ஊரிலிருந்தும் வருகிறார்கள். வந்ததும் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எந்த ஓப்பனிங் படிச்சா ரேட்டிங் ஏறுமுங்க சார்?" ஓப்பனிங் என்றால் ஆட்டத்தின் ஆரம்ப நகர்த்தல் வரிசை. ரேட்டிங் என்றால் ஆட்டத் திறமையைக் காட்டும் எண்.

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கும் நண்பர் அப்படித்தான் வந்தார். வயது நாற்பதைத் தாண்டியவர். ஒன்றரை வருஷமாக ரேட்டிங் 1550ஐ விட்டு நகரவில்லை. சிசிலியன் என்ற ஓப்பனிங்குக்கு இரண்டு வீடியோ கோர்ஸ், லண்டன் என்ற ஓப்பனிங்குக்கு ஒன்று என்று காசு கொடுத்து வாங்கியிருந்தார். கடைசியாகத் தோற்ற பத்து ஆட்டங்களின் ஸ்கோர்ஷீட்டை, அதாவது ஆடும்போதே நகர்த்தல்களை எழுதும் தாளை, கொண்டுவரச் சொன்னேன். நான்குதான் இருந்தன. "தோத்தத எதுக்குங்க சார் வெச்சுக்கிட்டு?" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. நாலு மணி நேரம் உட்கார்ந்து நம் கையாலேயே எழுதிய தாள் அது. நம் மூளை எங்கே வழுக்குகிறது என்று அதைவிடத் தெளிவாக எந்தக் கோர்ஸும் சொல்லாது.

இருந்த நான்கையும் பலகையில் வைத்துப் பார்த்தோம். ஓப்பனிங்கில் தோற்றது ஒன்றுகூட இல்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். இவர் கறுப்பு. எஃப்6 கட்டத்தில் நின்று எச்7 கட்டத்தைக் காத்துக்கொண்டிருந்த குதிரை முன்பே டி7க்குப் போய்விட்டது. வெள்ளையின் மந்திரி சி2இல் நிற்கிறது. ராணிப் பக்கம் சிப்பாயை பி5க்குத் தள்ளலாமா என்று இவர் பத்து நிமிடம் யோசித்து, அதற்குத் தயாராக வேறொரு நகர்த்தல் ஆடுகிறார். எதிராளி ராணியை டி3இல் வைக்கிறார். இவர் உடனே பி5. அடுத்தது ராணி எச்7, செக்மேட்.

நல்லவேளையாக ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பக்கத்திலும் கடிகார நேரத்தைக் குறித்திருந்தார். விதிப்படி அதை எழுதலாம். யோசனைக் குறிப்புகளைத்தான் எழுதக்கூடாது. 23ஆவது நகர்த்தலில் 51 நிமிடம் மிச்சம். 24இலும் அதே 51. நகர்த்தலுக்கு 30 விநாடி கூடும் ஆட்டத்தில் நேரம் குறையவே இல்லையென்றால், எதிராளி ஆடியதை இவர் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். தன் திட்டத்தை மட்டும் பார்த்திருக்கிறார். சிசிலியன் தெரியாததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அதனால் நான் கொடுக்கும் முதல் வேலை இதுதான். தோற்ற அன்று ராத்திரியே, முடியாவிட்டால் மறுநாள், பலகையில் காய்களை வைத்து ஆட்டத்தைத் திரும்ப ஆடுங்கள். எஞ்சினை, அதாவது நகர்த்தலைக் கணக்கிட்டுச் சொல்லும் கம்ப்யூட்டர் புரோகிராமை, திறக்காதீர்கள். சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் அப்போது என்ன நினைத்தீர்கள் என்று பென்சிலில் எழுதுங்கள். எஞ்சின் அதற்கப்புறம். முதலிலேயே திறந்தால் சரியான நகர்த்தல் கிடைக்கும். நீங்கள் ஏன் அதைப் பார்க்கவில்லை என்பது கிடைக்காது.

இன்னொரு தாளில் யானையும் சிப்பாயும் மிஞ்சிய எண்ட்கேம், அதாவது ஆட்டத்தின் கடைசிக் கட்டம். எதிராளிக்கு ஒரு சிப்பாய் கூடுதல், ஆனாலும் டிரா ஆக வேண்டியது. எதிராளி பக்கமிருந்து எண்ணினால் ஆறாவது வரிசையில் யானையை நிறுத்தி எதிராளி ராஜாவை ஏறவிடாமல் தடுக்க வேண்டும். சிப்பாய் ஆறாவது வரிசைக்கு வந்ததும் யானையைக் கீழே முதல் வரிசைக்கு இறக்கிப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். 18ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக்காரர் பிலிடோர் காட்டியது. கற்றுக்கொள்ள ஒரு சாயங்காலம் போதும். அது தெரியாமல் அரைப் பாயிண்ட் போனது.

காய்களை மாற்றிக்கொண்டால் எளிதாகிவிடும் என்ற எண்ணத்தையும் நிறையப் பேரிடம் பார்க்கிறேன். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் போட்டியின் 14ஆவது ஆட்டத்தில், நம் குகேஷுக்கு எதிராக, சீனாவின் டிங் லிரன் யானையை எஃப்2இல் வைத்தார். யானைகள் மாறின, பிறகு மந்திரிகளும் மாறின. மிஞ்சிய சிப்பாய் ஆட்டம் டிங்குக்குத் தோல்வி. குகேஷ் 18 வயதில் சாம்பியன். மாற்றுவதற்கு முன்னால், மாறிய பிறகு பலகை எப்படி இருக்கும் என்று ஒருமுறை மனசில் வைத்துப் பாருங்கள்.

ரேட்டிங் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2024 மார்ச்சில் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 2000க்குக் கீழிருந்தவர்களின் ரேட்டிங்கை உயர்த்தியது. 1200 இருந்தவருக்கு 1520 ஆனது. கீழ் எல்லையும் 1000லிருந்து 1400 ஆனது. பழைய எண்ணோடு ஒப்பிட்டு முன்னேறிவிட்டதாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

ரவுண்டுகளுக்கு நடுவே மண்டபத்து வாசலில் போனில் பிளிட்ஸ் என்னும் சில நிமிட வேக ஆட்டம் ஆடுவதை விட்டுவிடுங்கள். அந்த அவசரம் அடுத்த ரவுண்டுக்குள் கூடவே வரும். கொஞ்சம் நடங்கள், தண்ணீர் குடியுங்கள், அளவாகச் சாப்பிடுங்கள்.

திருப்பூர் நண்பர் போன வாரம் சேலத்தில் ஆடிவிட்டு வந்தார். ஒரு ஆட்டத்தில் தோல்வி. ஆனால் தாளை மடிக்காமல் ஃபைலில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். 31ஆவது நகர்த்தலுக்குப் பக்கத்தில் பென்சில் எழுத்து: "குதிரை வருவதைப் பார்த்தேன். பயந்து அவசரப்பட்டேன்." அங்கிருந்துதான் அன்றைய வகுப்பை ஆரம்பித்தோம்.