விட்டுப் பிடி

எண்ணூர் முகத்துவாரத்துப் பாறைகளில் ஒரு விடியற்காலை என் தூண்டிலில் பெரிய பாரை மீன் ஒன்று கடித்தது. இரண்டு ஓட்டம் ஓடியது, நரம்பு (தூண்டில் இழை) தாங்கியது. மீன் களைத்துவிட்டது என்று நினைத்தேன். நரம்பைச் சுற்றி வைக்கும் ரீலில் கொஞ்சமே மிச்சமிருந்தபோது மூன்றாவது ஓட்டம். பட்டென்று அறுந்தது. பக்கத்தில் கைத்தூண்டில் போட்டிருந்த பெரியவர், “விட்டுப் புடிக்கணும் தம்பி” என்றார். அவர் ஆள்காட்டி விரலில் சைக்கிள் டியூப் துண்டு மாட்டியிருந்தார். மீன் இழுத்தால் நரம்பு அந்த ரப்பரில் உரசி நழுவும். மீன் நின்றால் விரல் மடங்கும்.

ரீலில் அந்த விரலின் வேலையைச் செய்வது டிராக். அடுக்கி வைத்த வட்ட வாஷர்களை ஒரு திருகு அழுத்துகிறது. அந்த உராய்வை மீறி இழுத்தால், நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூல் சுழன்று நரம்பை விடும். சரி, நான் டிராக்கைத் தொடவே இல்லையே, பிறகு ஏன் அறுந்தது?

அடிபம்பு அடித்தவர்களுக்கு இது தெரியும். கைப்பிடியை நுனியில் பிடித்தால் சுலபம். அச்சுக்குப் பக்கத்தில் பிடித்தால் மூச்சு வாங்கும். ஸ்பூலும் அப்படித்தான். முழுதாகச் சுற்றியிருக்கும்போது நரம்பு அச்சிலிருந்து 3 செ.மீ. தள்ளி இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிராக்கை 3 கிலோவுக்கு வைத்திருக்கிறோம். நரம்பு ஓடி ஆரம் 2 செ.மீ. ஆனால், அதே டிராக்கைச் சுழற்ற 4.5 கிலோ வேண்டும். 1.5 செ.மீ. ஆனால் 6 கிலோ. நீளமான நரம்பைத் தண்ணீரில் இழுக்கும் சுமை இதற்கு மேல். என் நரம்பு 8 கிலோ தாங்கும். ஆனால் சுமாராகப் போட்ட முடிச்சு அதில் மூன்றில் ஒரு பங்கைச் சாப்பிட்டுவிடும். அப்புறம் எங்கே தாங்கும்?

அதனால் நரம்பு போகப் போக டிராக்கைத் தளர்த்த வேண்டும். பயத்தில் கை இறுக்கத்தான் போகும். ஆரம்பத்தில், நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை டிராக் வைத்தால் போதும். தொங்கு தராசில் நுனியைக் கட்டி இழுத்துப் பார்த்தே வையுங்கள், கைக்கணக்கு ஏமாற்றும்.

ரீல் வாங்கும்போது ஸ்பூலின் விட்டம் பெரியதா என்று முதலில் பாருங்கள். மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு நரம்பு உதவுவதும் இங்கேதான். அதே பலத்துக்கு நைலானைவிட மிக மெல்லியது; 100 மீட்டர் ஓடினாலும் ஆரம் அதிகம் குறையாது. ஆனால் திருவொற்றியூர்த் தூண்டில் வளைவுகளின் (கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் தடுப்புகள்) கற்களில் சிப்பி ஒட்டிக் கிடக்கும். பிரெய்டு அதில் பட்டால் போச்சு. முனையில் இரண்டு மூன்று மீட்டர் தடித்த நைலான் லீடர் கட்டியே ஆக வேண்டும்.

தூண்டில் கம்பான ராடு விஷயத்தில் நீளம் என்றால் பலம் என்று நினைக்கிறார்கள். பம்புக் கணக்கு இங்கே மீனுக்குச் சாதகம். 9 அடி ராடின் அடியை வயிற்றில் ஊன்றி, 60 செ.மீ. மேலே கையால் பிடிக்கிறோம். ராடு வளையாமல் நின்றால், நுனியில் மீன் இழுக்கும் 3 கிலோ கைக்கு 13 கிலோவுக்கு மேல் வரும். ராடு வளைந்தால் அந்தத் தூரம் குறைந்து சுமை தடித்த அடிப்பகுதிக்கு இறங்குகிறது, கை பிழைக்கிறது. அலையைத் தாண்டி வீச நீளம் வேண்டும், ஆனால் 9, 10 அடிக்கு மேல் நான் போவதில்லை. மீன் காலடிக்கு வந்ததும் ராடைச் செங்குத்தாகத் தூக்கினால் வளைவெல்லாம் மெல்லிய நுனிக்கே ஏறி முறியும்.

அந்தக் கடைசி நிமிடம்தான் ஆபத்து. நைலான் நீண்டு கொடுக்கும் பொருள். 50 மீட்டர் வெளியே இருந்தால் மீனின் உதறலை வாங்கிக்கொள்ளும். 3 மீட்டர் மட்டுமே இருந்தால் நீள்வதற்கு என்ன இருக்கிறது? பிரெய்டு ஏற்கெனவே நீளாத சாதி. வலையைப் பார்த்ததும் கொடுவா ஒரு துள்ளுத் துள்ளும். அதற்கு முன்பே டிராக்கை அரைச் சுற்று தளர்த்தி வையுங்கள்.