உண்ணும் வண்ணமும் உண்ணாத வண்ணமும்: இனிப்பு விழாக்களில் வரையப் போகிறவர்களுக்கு

விழா நடக்கும் இடத்தில் உட்கார்ந்து, நடப்பதை நடக்கும்போதே வரைவது என் தொழில். புதிதாக வரைபவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்குவதும் உண்டு. எத்தனையோ வகை விழாக்களில் எனக்கு மிகவும் பிடித்தவை, ஒரு பகுதி மக்கள் தாங்களாகவே சேர்ந்து நடத்தும் இனிப்பு விழாக்கள். சர்க்கரைப் பாகில் செய்த பூங்கொத்து, சாக்லேட்டில் செதுக்கிய குதிரை, ஆளுயர கேக், குழந்தைகள் ஐசிங்கால் பிஸ்கட் மேல் போடும் முகங்கள். காலையில் கைகட்டி நின்று பார்க்க வைத்த கலைப்பொருள், சாயங்காலத்துக்குள் துண்டு துண்டாகத் தட்டுகளில் போய்விடும். எந்த அருங்காட்சியகத்துக்கும் அது போகப்போவதில்லை. அதனால்தான் அங்கே வரைபவர் வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்போது அப்படி வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். கேப்ரியல் கம்பனாரியோ என்ற பத்திரிகை ஓவியர் 2007இல் இணையத்தில் தொடங்கிய 'அர்பன் ஸ்கெச்சர்ஸ்' இன்று பல நாடுகளில் குழுக்களாகப் பரவியிருக்கிறது. இடத்துக்கே போய், நேரில் பார்த்து வரைய வேண்டும் என்பது அவர்களுடைய அடிப்படை விதி. நல்ல பழக்கம். ஆனால் இனிப்பு விழாவுக்குள் நாம் கொண்டுபோகும் பையில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

ஒரு குழந்தையின் கண்ணால் அந்த இடத்தைப் பாருங்கள். மேசை மேல் சின்னச் சின்னக் கிண்ணங்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை. பக்கத்தில் ஒரு பிரஷ். 'எடுத்துப் பூசு, பூசிவிட்டுச் சாப்பிடு' என்று சொல்லித்தான் அந்தக் குழந்தையை உள்ளே விட்டிருக்கிறார்கள். அடுத்த மேசையில் நாம் திறந்து வைத்திருக்கும் வாட்டர்கலர் பெட்டியும் அதே மாதிரிதான் இருக்கிறது. சதுரம் சதுரமாக, மினுமினுப்பாக, மிட்டாய் போல. பிரஷ் கழுவிய தண்ணீர் டம்ளர், பழச்சாறு டம்ளருக்குப் பக்கத்தில் நிற்கிறது. வரைபவரே பேச்சு சுவாரஸ்யத்தில் கை தவறி அந்தத் தண்ணீரை வாய் வரை கொண்டுபோவதைப் பார்த்திருக்கிறேன். பெரியவர்களுக்கே அப்படியென்றால் மூன்று வயதுக் குழந்தையைக் குறை சொல்ல முடியாது.

உண்மையில் இரண்டும் உறவுக்காரர்கள்தான். வாட்டர்கலரில் நிறத்தூளைப் பிடித்து வைப்பது வேலம் பிசின். காய்ந்து வெடிக்காமலிருக்க கிளிசரின் சேர்ப்பார்கள், சில தயாரிப்பாளர்கள் தேனும் சேர்ப்பார்கள். கேக் மேல் தூவும் உண்ணத்தக்க கிளிட்டரின் லேபிளைப் படித்தால் அங்கேயும் சர்க்கரை, சோளமாவுடன் அதே பிசின் இருக்கும். நாக்குக்கு வாட்டர்கலர் லேசாக இனிக்கவும் கூடும். அதனால் 'கசந்தால் துப்பிவிடும்' என்று நம்பி இருக்க முடியாது. வித்தியாசமெல்லாம் நிறத்தூளில்தான் இருக்கிறது.

உங்கள் டியூபை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். பி.ஆர். 108 என்றால் காட்மியம் சிவப்பு. பி.ஒய். 35 காட்மியம் மஞ்சள். பி.பி. 28 கோபால்ட் நீலம். பி.டபிள்யூ. 1 என்றால் ஈய வெள்ளை. பழைய எண்ணெய் வண்ணப் பெட்டிகளில் இன்னும் கிடக்கும். காட்மியமும் ஈயமும் உடம்பில் தங்கிச் சேரும் உலோகங்கள். ஸ்டுடியோவில் கவனமாகப் பயன்படுத்துகிறவருக்கு இவற்றால் பெரிய ஆபத்தில்லை, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் இனிப்பு விழாவுக்கு நான் கொண்டுபோகும் பெட்டியில் இவை எதுவும் இருக்காது. பெயருக்குப் பின்னால் 'ஹ்யூ' என்று போட்டு விற்பவற்றில் பெரும்பாலும் காட்மியத்துக்குப் பதில் வேறு நிறத்தூள் இருக்கும்; அதையும் குறியீட்டைப் பார்த்தே உறுதி செய்துகொள்ளுங்கள்.

'சார், என் பெட்டியில் நான்-டாக்ஸிக் என்று போட்டிருக்கிறதே' என்று வகுப்பில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். அந்த முத்திரை பொய்யில்லை. ஓவியப் பொருளாக, ஓவியம் வரையப் பயன்படுத்தினால் தீங்கில்லை என்று சோதித்துக் கொடுத்தது அது. தின்பதற்காகச் சோதித்தது அல்ல. டியூபில் 'ஏ.எஸ்.டி.எம். டி-4236' என்றிருந்தால் அதைப் பார்த்தும் பலர் நிம்மதியடைகிறார்கள். 1988இல் வந்த அமெரிக்கச் சட்டப்படி ஓவியப் பொருள்களில் நாள்பட்ட ஆபத்து எதுவும் இருக்கிறதா என்று ஆராய்ந்து, இருந்தால் லேபிளில் எச்சரிக்கை போட வேண்டும். அந்த முறைப்படி லேபிள் ஒட்டியிருக்கிறோம் என்பதுதான் அந்த வரியின் பொருள். எச்சரிக்கை வாசகம் அதற்குப் பக்கத்திலேயே இருக்கலாம், படித்துப் பாருங்கள்.

இந்தக் குழப்பம் நம் பக்கம் மட்டுமல்ல, கேக் செய்கிறவர்கள் பக்கமும் இருக்கிறது. 2018இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு பிறந்தநாள் கேக் சாப்பிட்ட 6 குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. கேக் மேல் கனமாகப் பூசியிருந்த உலோக நிறத் தூளில் ஏராளமான செம்பு இருந்தது. 2019இல் மிசௌரியில் ஒரு வயதுக் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் கூடியிருந்ததைத் தேடிப் போனபோது, பிறந்தநாள் கேக்கில் போட்ட மஞ்சள் தூளில் கால்வாசி ஈயம் என்று தெரிந்தது. அலங்காரத்துக்கு மட்டுமே என்ற வகையைச் சேர்ந்த தூள்கள் இவை. கேக்கில் போடும் தூள் என்றால் சாப்பிடலாம் என்று லேபிளில் இருக்க வேண்டும், சேர்த்த பொருள்களின் பட்டியலும் இருக்க வேண்டும். 'நான்-டாக்ஸிக்' என்றோ 'அலங்காரத்துக்கு மட்டும்' என்றோ மட்டும் போட்டிருந்தால் அது சாப்பாட்டில் சேரக் கூடாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்வதும் இதேதான்.

ஒரே நிறத்தூள் இரண்டு பக்கமும் இருந்தாலும் கதை இதுதான். நம் டைட்டானியம் வெள்ளையும், ஐசிங்கைப் பளீரென்று வெளுக்க வைக்கப் போட்டுவந்த ஈ-171உம் ஒரே டைட்டானியம் டை ஆக்ஸைடு. உணவுக்கென்று வரும் சரக்கில் ஈயம், ஆர்சனிக் இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு உண்டு. பெயின்ட் சரக்குக்கு அந்த வரம்பு இல்லை. அந்த உணவுச் சரக்கையே 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் உணவில் தடை செய்துவிட்டது, அதற்கு முந்தைய ஆண்டுதான் அங்குள்ள உணவுப் பாதுகாப்பு அமைப்பு அதைப் பாதுகாப்பானதாகக் கருத முடியாது என்று அறிவித்திருந்தது. அமெரிக்காவில் இன்னும் அளவோடு அனுமதி இருக்கிறது. வெள்ளை நிறத்துக்கே இவ்வளவு வாதம் நடக்கும்போது, டியூபிலிருந்து பிதுக்கிய சிவப்பு கேக் பக்கம் போகலாமா?

பக்கத்தில் வைப்பது என்பது சின்ன விஷயமில்லை. 1858இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் மிட்டாய்க்குச் சர்க்கரையோடு கலப்படமாகச் சேர்க்க ஒரு வெள்ளைப் பொடி வாங்கி வரச் சொன்னார்கள். மருந்துக் கடையில் உதவியாளர் எடுத்துக் கொடுத்தது பக்கத்தில் இருந்த இன்னொரு வெள்ளைப் பொடி. அது ஆர்சனிக். சுமார் 20 பேர் இறந்தார்கள், 200 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். விஷப் பொருள்களை விற்பதற்குக் கட்டுப்பாடு வேண்டும் என்ற எண்ணம் அங்கே வலுத்ததற்கு அந்தச் சாவுகளும் ஒரு காரணம்.

சரி, அப்படியானால் எதை வைத்து வரைவது? பென்சில், பேனா, வண்ணப் பென்சில். இவை மூன்றும் போதும், நல்ல வரைபுத்தகம் ஒன்று நிறைய. வண்ணம் தீட்டியே ஆக வேண்டும் என்றால் தண்ணீரைத் தன் உடம்புக்குள்ளேயே வைத்திருக்கும் வாட்டர் பிரஷ் எடுத்துக்கொள்ளுங்கள், டம்ளர் என்ற பேச்சே இல்லை. துடைக்கும் துணி மடியில் இருக்கட்டும். பெட்டியும் மடியில்தான், உணவு மேசையில் ஒருபோதும் வைக்க வேண்டாம். பேஸ்டலும் கரித்துண்டும் வீட்டிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு ஊதலிலும் அந்தத் தூள் பறந்து ஐசிங்கின் ஈரத்தில் ஒட்டும். வரைந்தது அழியாமலிருக்க அடிக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்ப்ரேயும் அப்படியே. அதிலுள்ள கரைப்பான் தீப்பிடிக்கும், சர்க்கரைச் சிற்பிகள் தீச்சுடர் வீசும் டார்ச்சோடு வேலை செய்கிறார்கள்.

பிரஷ் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் உள்ளவர்கள் இங்கேயாவது அதை விட வேண்டும். 1920களில் கடிகார முகங்களில் ரேடியம் பூசிய இளம் பெண்கள் அப்படித்தான் முனையைக் கூராக்கினார்கள். தாடை எலும்பு சிதைந்து பலர் இறந்தார்கள். நம் வண்ணங்களில் ரேடியம் இல்லை, ஆனால் வாய்க்கும் பிரஷுக்கும் இடையே இருப்பது அதே பாதைதான். அப்புறம், வரைந்து முடித்த கையோடு யாராவது ஒரு துண்டு கேக்கை நீட்டுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சானிடைசர் கிருமியைக் கொல்லும், நிறத்தூளை அகற்றாது.

இப்போது நான் அங்கே போகும் காரணத்தைச் சொல்கிறேன். சர்க்கரைப் பாகு ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸுக்குக் காய்ந்ததும் தட்டில் ஊற்றி, கையுறை போட்ட கைகளால் இழுப்பார்கள். முதல் இழுப்பில் அது கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். இழுத்து மடிக்க மடிக்க காற்று உள்ளே போய், பட்டு போன்ற ஒரு மினுமினுப்பு ஏறும். சில நிமிடங்களில் கெட்டியாகிவிடும் என்பதால் விளக்குச் சூட்டுக்கு அடியில் வைத்தே வேலை நடக்கும். இந்த மாற்றத்தை நிறத்தில் பிடிக்க முயலாதீர்கள். கோட்டில் பிடியுங்கள்: கைமுட்டி எந்தக் கோணத்தில் மடிகிறது, உடம்பு எப்படிப் பின்னுக்குச் சாய்கிறது, இழை எங்கே தொய்கிறது. ஒரே பக்கத்தில் நான்கைந்து சிறு படங்களாகப் போட்டு, ஓரத்தில் நேரத்தையும் எழுதி வையுங்கள்.

அந்தப் பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டே எரிக்கும். கொதிக்கும் தண்ணீரைவிட மோசம். செய்கிறவரின் முழங்கைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காராதீர்கள், இழுத்துக்கொண்டிருக்கும்போது கேள்வி கேட்காதீர்கள். யார் மேலாவது பட்டுவிட்டால் பிய்க்க முயல வேண்டாம், ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும், ஐஸ் வேண்டாம். அதற்குள் மருத்துவ உதவிக்கு ஆள் போகட்டும்.

சாக்லேட் சிற்பத்தை முதலில் வரைந்துவிடுங்கள். அதிலுள்ள கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகிவிடும், கூட்டம் கூடக் கூட மண்டபம் சூடாகும், குதிரையின் காது முதலில் மழுங்கும். ஊதிச் செய்த சர்க்கரைப் பண்டம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். வெட்டும் நேரத்தையும் தவறவிடாதீர்கள். அழகாக நிற்கும் கேக்கை எல்லோரும் போட்டோ எடுத்திருப்பார்கள். கத்தி இறங்கியதும் செய்தவரின் முகத்தில் வருவதை அன்றைக்கு வரைந்தவர் மட்டுமே வைத்திருப்பார். குழந்தைகளின் முகத்தை அடையாளம் தெரியும்படி வரைந்து வெளியிடுவதாக இருந்தால் பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள்.

விழா நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரைபவர்களுக்கென்று உணவு இல்லாத தனி மேசை போடுங்கள். 'ஓவியர் வந்திருக்கிறார், கேக் மேல் ஏதாவது வரைந்து தரட்டுமே' என்று ஆசையாகக் கேட்பீர்கள், தாராளமாக வரைவோம். அதற்கு உணவு நிறமும், உண்ணத்தக்க மை பேனாவும், பெயின்டில் ஒரு தடவைகூட நனையாத புது பிரஷும் நீங்கள் வாங்கி வைக்க வேண்டும். எவ்வளவு கழுவினாலும் பிரஷின் தகரப் பிடிக்குள் பழைய நிறம் தங்கியிருக்கும். உணவு நிறத்தால் தாளில் வரைந்து தரச் சொல்லிக் கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதில் பெரும்பாலானவை வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும், சுவரில் மாட்ட ஆகாது.

யாராவது பெயின்டையோ பிரஷ் தண்ணீரையோ விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயைக் கொப்பளிக்கச் செய்து, உங்கள் பகுதியின் விஷ முறிவு உதவி எண்ணுக்கோ மருத்துவருக்கோ உடனே பேசுங்கள். டியூபைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதன் பின்பக்கம் இருக்கும் அந்தக் குறியீடு அவர்களுக்கு உதவும்.