சிவப்புப் பட்டின் இழை போட்டோவில் எங்கே போகிறது?

குங்குமச் சிவப்பில் ஒரு காஞ்சிபுரம் பட்டுச்சேலை. அந்தப் போட்டோவை எடிட்டிங் செயலியில் திறந்து, நிறம் இன்னும் தூக்கலாக இருக்கட்டுமே என்று சாச்சுரேஷன் ஸ்லைடரை வலப்பக்கம் இழுத்துப் பாருங்கள். சிவப்பு சுள்ளென்று ஏறும். ஆனால் மடிப்பும் நெசவும் மறைந்து, சேலை வழவழப்பான பிளாஸ்டிக் தாள் மாதிரி ஆகிவிடும். கல்யாண ஆல்பங்களில் இது சர்வசாதாரணம். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். தறியில் நாள்கணக்கில் உட்கார்ந்து நெய்த வேலை, ஒரே இழுப்பில் காணாமல் போகிறது.

இது ஏன் நடக்கிறது? எண்களை வைத்துப் பார்த்தால் எளிதில் புரியும். ஜேபெக் படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. பட்டில் ஓர் இழையின் மேடு வெளிச்சத்தை வாங்கி, சிவப்பில் 240 என்று பதிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துப் பள்ளம் 215. இந்த 25 வித்தியாசத்தைத்தான் நம் கண் நெசவு என்று வாசிக்கிறது. சாச்சுரேஷனை ஏற்றினால் பெரிய எண் இன்னும் மேலே போகும், சிறிய எண்கள் கீழே போகும். சிவப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடினால் 240 என்பது 288 ஆகவும், 215 என்பது 258 ஆகவும் மாற வேண்டும். ஆனால் 255-க்கு மேல் இடமே கிடையாது. இரண்டும் 255-இல் போய் முட்டி நிற்கும். ஏற்கெனவே சிறிதாக இருந்த பச்சையும் நீலமும் 0-வைத் தொட்டுவிடும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இப்போது ஒரே எண்கள்தான். நெசவு போயே போய்விட்டது.

ஆக, படத்தில் இழைநயம் என்பது பெரும்பாலும் ஒளியின் ஏற்ற இறக்கம். நிறத்துக்கு அதில் பங்கு குறைவு. நம் கண்ணும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. திரையில் தெரியும் வெள்ளையின் ஒளிர்வில் பச்சையின் பங்கு சுமார் 72%, சிவப்பு 21%, நீலம் 7%. ஒளி நுணுக்கத்தைப் பிடிக்கிற அளவுக்கு நிற நுணுக்கத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது. ஜேபெக் கோப்புகள் இதை நன்றாகவே பயன்படுத்திக்கொள்கின்றன: பெரும்பாலான கோப்புகளில் ஒளி விவரம் முழுசாகவும், நிற விவரம் நீளத்திலும் அகலத்திலும் பாதியாகவும் சேமிக்கப்படுகிறது. யாரும் கண்டுபிடிப்பதில்லை.

சிவப்புத் துணிக்கு இன்னொரு சிக்கல், கேமராவுக்குள்ளேயே தொடங்குகிறது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்பையே இன்றும் பெரும்பாலான கேமராக்கள் பின்பற்றுகின்றன. ஒளியைப் பதிவு செய்யும் சென்சாரின் நுண்புள்ளிகளில் பாதி பச்சையை மட்டும் பார்க்கும். கால் பங்கு சிவப்பை, கால் பங்கு நீலத்தை. அடர் சிவப்புப் பட்டிலிருந்து பச்சை, நீலப் புள்ளிகளுக்கு வந்து சேரும் ஒளி சொற்பம். எனவே அந்த நெசவைப் பதிவு செய்யும் வேலை நான்கில் ஒரு புள்ளியின் தலையில் விழுகிறது. சாம்பல் நிறக் கல்தூணை எடுத்தால் எல்லாப் புள்ளிகளும் உழைக்கும். அதனால்தான் அதே கேமராவில் கல் கூர்மையாகவும் சிவப்புப் பட்டு சற்று மொழுக்கென்றும் வருகிறது.

சரி, மீட்பது எப்படி? முதல் வேலை, நிறத்தை ஏற்றாமல் சிவப்பின் ஒளிர்வை மட்டும் இறக்குவது. நிறவாரியாகத் திருத்தும் பகுதியில் சிவப்புக்கு லூமினன்ஸ் ஸ்லைடர் இருக்கும். அதைக் குறைத்தால் 240 என்பது 192 ஆகவும், 215 என்பது 172 ஆகவும் இறங்குவதாகக் கொள்வோம். வித்தியாசம் 20-ஆகச் சுருங்கினாலும் உச்சியில் முட்டாமல் மேலே இடம் கிடைக்கிறது. சிவப்பும் ஆழமாகத் தெரியும். பலர் சாச்சுரேஷனில் தேடுகிற செழுமை இங்கேதான் கிடைக்கிறது. படம் முழுக்கச் செய்தால் நெற்றிக் குங்குமமும் இருண்டுவிடும், அதனால் திருத்தம் சேலையில் மட்டும் விழும்படி மாஸ்க் போட்டுக்கொள்வது நல்லது.

அப்புறம் இழை. டெக்ஸ்சர், கிளாரிட்டி, ஷார்ப்பனிங் என்று பல பெயர்களில் வரும் ஸ்லைடர்களுக்கு அடிப்படையான எண்ணம் ஒன்றுதான். மென்பொருள் படத்தின் மங்கலான நகல் ஒன்றை உருவாக்கும். நம் இழையில் 192-உம் 172-உம் கலந்து அந்த நகலில் 182 ஆகும். அசலிலிருந்து நகலைக் கழித்தால் மேட்டுக்கு +10, பள்ளத்துக்கு −10. இதில் பாதியை அசலோடு கூட்டினால் 197-உம் 167-உம் வரும். வித்தியாசம் 30 ஆகிவிட்டது. அந்த இடத்தின் சராசரி ஒளி மாறவேயில்லை. கணினிக்கு முன்பே இருட்டறைக்காரர்கள் இதைச் செய்திருக்கிறார்கள்: நெகட்டிவிலிருந்து மங்கலான பாசிட்டிவ் எடுத்து, இரண்டையும் சேர்த்து வைத்துப் பிரிண்ட் போடுவார்கள்.

நம் விழித்திரையும் இதே கணக்கைத்தான் போடுகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஒளிபட்ட நரம்புசெல் பக்கத்துச் செல்லைக் கொஞ்சம் அடக்கும். அதனால் விளிம்புகள் உள்ளதைவிடத் தூக்கலாகத் தெரியும். குதிரைலாட நண்டின் கண்ணில் இந்த அடக்குமுறையை அளந்து காட்டிய ஹால்டன் கெஃபர் ஹார்ட்லைன் 1967-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நகலை எவ்வளவு மங்கலாக்குகிறோம் என்பதில்தான் ஸ்லைடர்களுக்குள் வேறுபாடு. ஓரிரு பிக்சல் மங்கலாக்கினால் ஒற்றை இழை எடுபடும். பல பத்துப் பிக்சல் என்றால் கொசுவ மடிப்புகள் எடுபடும். அளவு மீறினால் தோளின் ஓரத்தில் வெள்ளைக் கோடு முளைக்கும். எது இழை, எது இரைச்சல் (வெளிச்சம் போதாதபோது படத்தில் விழும் புள்ளிகள்) என்று மென்பொருளுக்குத் தெரியாது. மங்கிய மண்டப வெளிச்சத்தில் எடுத்த படத்தில் புள்ளிப்புள்ளியான இரைச்சலையும் சேர்த்தே ஏற்றிவிடும்.

நிறத்தைக் கடைசியில் தொடலாம், அதுவும் வைப்ரன்ஸ் ஸ்லைடரில். அது வெளிறிய நிறங்களைத்தான் அதிகம் ஏற்றும். ஏற்கெனவே அடர்ந்த சிவப்பை அவ்வளவாகச் சீண்டாது.

சரிகை மட்டும் தனி ரகம். விளக்கொளியில் தங்க நிறம் பளிச்சிடும் இடத்தில் முதலில் சிவப்பு உச்சியைத் தொடும், பிறகு பச்சை, கடைசியில் நீலம். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் நீலமாவது தப்பியிருந்தால், மிகப் பளிச்சென்ற பகுதிகளுக்கான ஹைலைட்ஸ் ஸ்லைடரைக் குறைத்து நிறத்தை ஓரளவு ஊகித்து மீட்கலாம். 14 பிட் ரா கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் 16,384 படிகள் இருப்பதால் கை வைக்க இடமும் அதிகம். மூன்றுமே முட்டியிருந்தால் அங்கே மிஞ்சுவது வெறும் வெள்ளை; எந்த ஸ்லைடரும் அதில் தங்கத்தைக் கொண்டுவராது. எனவே சரிகை நிறைந்த முந்தியை எடுக்கும்போது எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் ஒளியை, கொஞ்சம் குறைத்தே எடுங்கள், விளக்கை நேர் முன்னால் வைக்காமல் பக்கவாட்டில் வையுங்கள். இருண்ட பகுதிகளைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.