தண்ணீரும் காரும்: வடசென்னைக் கார் உரிமையாளர்கள் கவனிக்க வேண்டியவை

தண்டையார்பேட்டையில் நான் நடத்தும் பட்டறைக்கு, இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும் என்ற நிலையில் வரும் கார்களின் கதையைப் பின்னோக்கி விசாரித்தால், அது பெரும்பாலும் ஏதாவது ஒரு தண்ணீரில் போய் நிற்கும். ரேடியேட்டரில் ஊற்றிய போர் தண்ணீர், பிரேக் ஆயிலில் சேர்ந்த ஈரம், உப்புக் காற்று, வாட்டர் வாஷில் பீய்ச்சிய நீர், சுரங்கப்பாதையில் தேங்கிய மழை வெள்ளம் என்று அதன் வடிவம்தான் மாறும். கிலோமீட்டர் கணக்குப் பார்த்து ஆயில் மாற்றுவதில் ஒழுங்காக இருக்கும் உரிமையாளர்கள்கூட இந்தப் பக்கத்தைக் கவனிப்பதில்லை. சர்வீஸ் செய்பவர்களில் பலரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வதில்லை.

முதலில் கூலன்ட். இன்ஜின் ஓடும்போது அதைச் சுற்றி ஓடும் திரவம் சுமார் 90 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும். ரேடியேட்டர் மூடி, குக்கர் வெயிட்டைப் போல, உள்ளே ஏறத்தாழ ஒரு பார் அளவு கூடுதல் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால், 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் தாங்குகிறது. குளிரில் உறையாமல் காக்கும் எத்திலின் கிளைக்கால் என்ற திரவம் கலந்திருந்தால் இன்னும் சற்று மேலேயும் தாங்கும். அந்தக் கிளைக்காலுடன் துருவைத் தடுக்கும் வேதிப்பொருள்களும் சேர்ந்ததே கூலன்ட். பனி உறையாத சென்னையில் இது எதற்கு என்று கேட்டுவிட்டு வெறும் தண்ணீரை ஊற்றுபவர்கள், அந்தத் துருத் தடுப்பு வேலையை மறந்துவிடுகிறார்கள்.

வடசென்னையில் இந்த மறதிக்கு விலை அதிகம். மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடி நீருக்குள் ஏறி வந்திருப்பது பல பத்தாண்டுகளாகப் பதிவாகிவரும் செய்தி. கடலை ஒட்டிய தெருக்கள் பலவற்றில் போர் தண்ணீரை வாயில் வைத்தாலே கரிக்கும். அதை ரேடியேட்டரில் ஊற்றினால், அதிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் சூட்டில் பிரிந்து மெல்லிய குழாய்களின் உட்சுவரில் சுண்ணாம்பாகப் படிகின்றன. குளோரைடு உப்புகள் அலுமினியத்தைப் புள்ளிப் புள்ளியாக அரிக்கின்றன. இன்றைய கார்களில் ரேடியேட்டரும் சிலிண்டர் ஹெட்டும் பெரும்பாலும் அலுமினியம்தான். கேன் தண்ணீர்தானே ஊற்றினேன் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். குடிக்கும் கேன் தண்ணீரிலும் தாது உப்பு உண்டு. கூலன்ட்டில் கலப்பதற்கு உரியது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. கலந்தே விற்கும் ரெடிமேட் கூலன்ட்டை வாங்கினால் அந்தத் தொல்லையும் இல்லை, ஆனால் அதில் மேற்கொண்டு தண்ணீர் சேர்க்கக் கூடாது. நிறத்தைப் பார்த்தும் வாங்க வேண்டாம். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் சேர்த்த சாயம்தான், ஒரே நிறத்தில் வெவ்வேறு வகைகள் உண்டு. காரோடு வந்த கையேட்டில் எந்த வகை என்று குறிப்பிட்டிருக்கிறதோ அதையே ஊற்ற வேண்டும்.

கோடையில் ஒரு நாள், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரின் செடான் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ரிசர்வ் டேங்கில் இருந்தது செங்கல் நிறத் தண்ணீர். மூடியின் உள்பக்கத்தை விரலால் தடவினால் துரு மாவாக ஒட்டியது. “எத்தனை நாளா சார் தண்ணி இறங்குது?” என்று கேட்டேன். “வாரத்துக்கு ஒரு வாட்டி அரை பாட்டில் ஊத்துவேன் தம்பி. வண்டி பழசாச்சு, அப்படித்தான் இருக்கும்னு சர்வீஸ்ல சொன்னாங்க” என்றார். அவர் கொண்டுவந்த பழைய பில்கள் ஒவ்வொன்றிலும் “கூலன்ட் டாப்-அப்” என்று ஒரு வரி இருந்தது. கசிவு சோதனை என்று ஒரு வரிகூட இல்லை. வாட்டர் பம்ப்பின் அடியில் உள்ள சிறு துளையிலிருந்து வழிந்து காய்ந்த வெள்ளைக் கோடு, டார்ச் அடித்துப் பார்த்த உடனேயே தெரிந்தது.

கூலன்ட் ஓடுவது மூடிய சுற்றில். அதில் மட்டம் தொடர்ந்து குறைந்தால், எங்கோ கசிகிறது அல்லது இன்ஜினுக்குள் எரிகிறது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை; வண்டியின் வயது ஒரு காரணமே ஆகாது. அடுத்தடுத்த இரண்டு சர்வீஸ் பில்களில் டாப்-அப் என்று பார்த்தீர்களானால், மூன்றாவது முறை ஊற்ற விடாமல், பிரஷர் டெஸ்ட் செய்து கசிவைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

அந்தப் பெரியவர் இன்னொரு விதத்திலும் ஏமாந்தார். எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஏசியைப் போட்டுக்கொண்டு ஊர்ந்துகொண்டிருந்தபோது புகை வந்திருக்கிறது. டெம்பரேச்சர் முள் கீழேதான் இருந்தது என்பதால் மேலும் சிறிது தூரம் ஓட்டியிருக்கிறார். சூட்டை அளக்கும் சென்சார் திரவத்தில் நனைந்திருந்தால்தான் சரியாகக் காட்டும். கூலன்ட் முழுவதும் வெளியேறிவிட்ட பிறகு அது வெறும் காற்றில் நிற்பதால், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் இறங்கிவிடுவது உண்டு. அவருடைய காரில் ஹெட் வளைந்து, ஹெட் கேஸ்கெட் போய், கூலன்ட் ஆயிலில் கலந்து, ஆயில் மூடியைத் திறந்தால் பால் கலந்த காப்பி நிறத்தில் நுரை இருந்தது.

புகையோ இனித்த வாடையோ வந்தால், அல்லது சிவப்பு டெம்பரேச்சர் விளக்கு எரிந்தால், முள் என்ன சொல்கிறது என்று பாராமல் ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்திவிடுங்கள். மூடியை உடனே திறப்பவர்களின் முகத்திலும் கையிலும் கொதிநீர் பீறிட்டடிக்கும்; இன்ஜின் நன்றாக ஆறும் வரை, குறைந்தது அரை மணி நேரமாவது, அதைத் தொடக் கூடாது. சூடான இன்ஜின் மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் உலோகம் விரிசல் விடக்கூடும். ஆறிய பிறகும் நிறையத் தண்ணீர் குடிக்கிறது என்றால், ஓட்டிக்கொண்டு போகாமல் வண்டியைத் தூக்கிச் செல்லுங்கள்.

அடிக்கடி சூடாகிறது என்று வரும் வண்டிக்கு எங்கள் தொழிலில் இரண்டு குறுக்கு வழிகள் நடமாடுகின்றன. ஒன்று, இன்ஜின் சூடேறும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது. மற்றொன்று ரேடியேட்டர் ஃபேனை “டைரக்ட்” செய்வது, அதாவது சாவி போட்டாலே ஃபேன் ஓடும்படி வயரை இழுத்து இணைப்பது. இரண்டாலும் அன்றைக்குச் சூடு குறையும், வாடிக்கையாளரும் மகிழ்ச்சியாகப் போவார். ஆனால் வால்வு இல்லாத இன்ஜின் தேவையான வெப்பத்துக்கு வரவே நேரம் எடுக்கும். இன்னும் சூடேறவில்லை என்று கருதிக் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். மைலேஜ் விழும், தேய்மானம் கூடும். அடைத்துக்கொண்ட ரேடியேட்டரோ தேய்ந்த பம்ப்போ அப்படியே இருக்கும். உங்கள் காரில் இவற்றில் ஏதாவது செய்யப்பட்டிருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். வேலை தொடங்கும் முன் ஜாப் கார்டில் எழுதி வாங்குவது, மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பார்ப்பது, ஜிஎஸ்டி பில் கேட்பது ஆகிய மூன்றையும் கௌரவக் குறைச்சலாக நினைக்க வேண்டாம். பின்னால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சேவைக் குறைபாடு என்று புகார் செய்ய நேர்ந்தால், கையில் நிற்பது அந்தக் காகிதங்கள்தான்.

பிரேக் ஆயில் பெயரில்தான் ஆயில். காற்றிலுள்ள ஈரத்தைத் தானாக உறிஞ்சிக்கொள்ளும் கிளைக்கால் வகைத் திரவம் அது. டாட் 3 (DOT 3) என்ற தர வகையைச் சேர்ந்த புதிய திரவம் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 140 டிகிரிதான். டாட் 4க்கு அதே எண்கள் 230, 155. கடலோர ஈரக் காற்றில் நிற்கும் வண்டிக்கு இந்த இறக்கம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. ஊருக்குள் ஓட்டும்போது வித்தியாசம் தெரியாது. குடும்பத்தோடு திருப்பதிக்குப் போய், திருமலையிலிருந்து பிரேக்கை மிதித்தபடியே இறங்கும்போது திரவம் கொதித்து, குமிழி உருவாகி, பெடல் பஞ்சு போல் உள்ளே போகும். பெரும்பாலான கார்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதை முழுவதும் மாற்றச் சொல்லியிருக்கிறது. சர்வீஸில் நடப்பதோ, டாப்-அப். பிரேக் பேட் தேயத் தேயத் திரவ மட்டம் தானாகவே இறங்கும் என்பதால், காரணம் பாராமல் நிரப்பிவிடுவது தேய்மானத்தை மறைக்கும் வேலையாகிவிடுகிறது.

உப்புக் காற்றைப் பற்றி ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் தெருவில் நிற்கும் கார்களுக்கு அடிப்பக்கம் துருப்பிடிப்பது இயல்பு. அதற்காக அடிப்பூச்சு அடித்துக்கொள்வதும் நல்லதே. ஆனால் சேற்றையும் இருக்கிற துருவையும் முழுமையாகச் சுரண்டி, கழுவி, காய வைக்காமல் மேலே பூசினால், ஈரம் உள்ளே பூட்டப்பட்டு, பூச்சுக்கு அடியில் தகடு வேகமாக அரிக்கும். கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளையும் அந்தப் பூச்சே அடைத்துவிடுவதைப் பல வண்டிகளில் பார்க்கிறேன். வாட்டர் வாஷ் கடைகளில் பளபளப்புக்காக அடியில் டீசலோ கழிவு ஆயிலோ தெளிப்பார்கள். சஸ்பென்ஷன் புஷ்களும் இன்ஜின் மவுண்ட்டும் ரப்பர் என்பதால் அவை ஊறி உப்பி, சில மாதங்களில் கடகடவென்று சத்தம் கேட்கத் தொடங்கும். பானெட்டுக்குள் பிரஷர் பைப் வைத்து அடிக்கும்படி ஒருபோதும் சொல்லாதீர்கள்.

இனி வெள்ளம். வியாசர்பாடி ஜீவா சுரங்கப்பாதையும் கணேசபுரம் சுரங்கப்பாதையும் பெருமழையில் நிரம்புவது ஊரறிந்தது. முன்னால் போன பேருந்து கடந்துவிட்டதே என்று பின்தொடரும் கார்களுக்குப் பேருந்து கிளப்பிய அலையே எமன். இன்ஜின் காற்றை இழுக்கும் வாய் பல கார்களில் ஹெட்லைட் உயரத்தில்தான் இருக்கிறது. அதன் வழியே சிலிண்டருக்குள் போன தண்ணீரைக் காற்றைப் போல அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே ஏறிவர முடியாமல், அதைத் தள்ளும் கனெக்டிங் ராடு என்ற தண்டு வளைந்துவிடும். தண்ணீரில் வண்டி தானாக நின்றுவிட்டால், மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. நின்ற வண்டியைக் காப்பாற்ற வழி உண்டு. நாலு முறை செல்ஃப் அடித்த வண்டிக்குப் பெரும்பாலும் இன்ஜின் வேலைதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த கார்களும் மூழ்கின. எண்ணூர், எர்ணாவூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது. தண்ணீர் வடிந்ததும் ஓடுகிறதா என்று பார்க்கும் ஆசைதான் அன்றைக்குப் பல இன்ஜின்களைக் கெடுத்தது. அப்படி மூழ்கிய காரில் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள், தண்ணீர் ஏறிய அடையாளம் தெரியும்படி படம் எடுங்கள், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள், பிறகே வண்டியை இழுத்துச் செல்லுங்கள். சாதாரண முழுக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் அடங்கும். ஆனால் தண்ணீர் புகுந்த பின் ஸ்டார்ட் செய்ததால் ஏற்பட்ட இன்ஜின் சேதத்தைப் பின்விளைவுச் சேதம் என்று பொதுவாக ஒதுக்கிவிடுவார்கள். அதற்காகவே இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு தனியாக விற்கப்படுகிறது. அதிலும் நிபந்தனைகள் உண்டு என்பதால், சாலையில் தண்ணீர் தேங்கும் பகுதியில் இருப்பவர்கள் அடுத்த புதுப்பித்தலின்போது அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுவது நல்லது. பட்டறையில் இன்ஜின் ஆயிலோடு கியர்பாக்ஸ் ஆயிலையும் மாற்றச் சொல்லுங்கள். ஆல்டர்னேட்டரும் வீல் பேரிங்கும் உடனே ஒன்றும் காட்டாமல், சில வாரங்கள் கழித்துத்தான் கோளாறு கொடுக்கும்.

வெள்ளத்துக்கு அடுத்த மாதங்களில் பழைய கார் விலை குறைவாகக் கிடைக்கிறது என்று வாங்கப் போகிறவர்கள், மெருகேற்றிய வெளிப்பக்கத்தையும் புது சீட் கவரையும் பார்த்து மயங்க வேண்டாம். ஓட்டுநர் சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தி அதன் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். மிதியடியைத் தூக்கித் தரைவிரிப்பின் அடியில் கை வைத்துப் பாருங்கள். ஸ்பேர் டயர் குழியில் வண்டல் ஒட்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். கடைசியாக, சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுங்கள். தினமும் கண்ணில் படாத அதன் அடிப்பகுதியை யாரும் கழுவுவதில்லை. அங்கே சேற்றுக் கோடு இருந்தால் விலை பேசத் தேவையில்லை.