குழலுக்கும் குண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்தில் வாள்களையும் பீரங்கிக் குண்டுகளையும் பார்த்துக்கொண்டே வருகிறவர்கள், பழைய கைத்துப்பாக்கிகளின் முன் அதிக நேரம் நிற்பதில்லை. அவற்றின் பித்தளை வேலைப்பாட்டைவிடக் குழலின் வாய்தான் கவனிக்கத்தக்கது. இக்காலத் துப்பாக்கியின் குழலுக்குள் திருகுபோல் சுற்றிச் செல்லும் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பாலான கைத்துப்பாக்கிகளிலோ உட்புறம் தண்ணீர்க் குழாய்போல வழுவழுப்பாகவே இருக்கும். மருந்தும் குண்டும் அந்த வாய் வழியாகவே உள்ளே போக வேண்டும். எதை, எவ்வளவு, எப்படிக் கெட்டிப்பது என்பதை ஒவ்வொரு முறையும் சுடுகிறவரே தீர்மானித்தார். அந்தத் தீர்மானத்துக்குள் இயற்பியல் நிறையவே இருக்கிறது.

கெட்டிப்பு என்றதும் மருந்தின் அளவுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். என் கணிப்பில், வழுவழுப்பான குட்டைக் குழலைப் பொறுத்தவரை முதல் கேள்வி குண்டின் விட்டமே. வாய் வழியாக உள்ளே செல்ல வேண்டிய குண்டு குழலைவிடச் சற்றே சிறியதாக இருந்தாக வேண்டும். அந்தச் ‘சற்றே’ எவ்வளவு என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. அக்காலத்துப் பிரித்தானியக் குதிரைப்படைக் கைத்துப்பாக்கிகளில் ஏறத்தாழ 16.5 மில்லிமீட்டர் உள்விட்டம் வழக்கமாக இருந்தது. அதற்குள் 15.7 மில்லிமீட்டர் ஈயக் குண்டு ஒன்றை இடுவதாக வைத்துக்கொள்வோம். எடை சுமார் 23 கிராம். இடைவெளியோ ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆயினும் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தே பரப்பு அமைவதால், குழலின் குறுக்குப் பரப்பில் 9 விழுக்காட்டுக்கும் மேல் திறந்தே கிடக்கிறது. குண்டை இன்னும் அரை மில்லிமீட்டர் குறைத்தால் இது 15 விழுக்காடாகிவிடும். குண்டைத் தள்ள வேண்டிய வாயுவில் ஒரு பகுதி அந்த வழியே முந்திக்கொண்டு வெளியேறிவிடுகிறது.

அப்படியானால் குண்டை இறுக்கமாகவே வார்த்திருக்கலாமே என்று தோன்றும். அதற்குக் கருமருந்து இடம் கொடுப்பதில்லை. வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த அந்தக் கலவை எரிந்து முடிந்ததும் அதன் எடையில் பாதிக்குச் சற்றுக் கூடுதலான பங்கு வாயுவாக மாறாமல், பொட்டாசியம் உப்புகளாகவும் கரியாகவும் புகையோடு வெளியேறுகிறது. அல்லது குழலின் சுவரில் படிகிறது. அந்தப் படிவு ஈரத்தை உறிஞ்சும். வறண்ட ஊரில் சொரசொரப்பாக இறுகிக்கொள்வது, கடற்காற்று வீசும் சென்னை மாலையில் கொழகொழத்த கறுப்புக் குழம்பாகும். கழுவாமல் விட்டால் இரும்பை அரித்துவிடும். ஆகவே நான்கைந்து முறை சுட்ட பிறகும் குண்டு தடையின்றி உள்ளே இறங்க வேண்டுமென்று நினைத்த படைகள், துல்லியத்தை விட்டுக்கொடுத்துத் தளர்வான குண்டையே தேர்ந்தெடுத்தன. நிதானமாகச் சுடுகிறவருக்கு வேறொரு வழி இருந்தது. கொழுப்புத் தடவிய துணித்துண்டு ஒன்றால் குண்டைச் சுற்றி உள்ளே இறக்கினால், துணி இடைவெளியை அடைக்கும். குண்டைக் குழலின் நடுவில் பிடித்துவைக்கும். போகிற போக்கில் முந்தைய படிவையும் துடைத்துவிடும். துணியின் தடிமனைக் கூட்டியும் குறைத்தும் பார்ப்பதே மருந்தைக் கூட்டுவதைவிடப் பலன் தரும் சோதனை.

கோயில் திருவிழாக்களின் அதிர்வேட்டைக் கேட்டவர்களுக்கு இந்த அடைப்பின் பயன் எளிதில் விளங்கும். திறந்த தரையில் கொட்டிய கருமருந்து ‘புஸ்’ஸென்று எரிந்து அடங்கும், அதே மருந்தை இரும்புக் குழாய்க்குள் கெட்டித்து மேலே அடைத்தால் தெருவே அதிரும்.

இனி மருந்தின் அளவு. இதைக் கணக்காக்கிக் காட்டிய பெஞ்சமின் ராபின்ஸ் நம் கரையோடு தொடர்புள்ளவர். 1707இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், 1742இல் வெளியிட்ட நூலில், கனமான ஊசலின் மீது குண்டைச் சுட்டு, அது ஆடிய தொலைவிலிருந்து குண்டின் வேகத்தை அளக்கும் முறையை விளக்கினார். 1746இல் பிரெஞ்சுக்காரர்களிடம் இழந்த சென்னை 1749இல் திரும்பக் கிடைத்தபின், கோட்டைகளைச் செப்பனிடக் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தலைமைப் பொறியாளராக அனுப்பியது. 1750இல் கடலூர்த் தேவனாம்பட்டினத்தில் உள்ள புனித டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்த அவர், மறு ஆண்டே அங்கு இறந்தார்.

மருந்து முழுவதும் நொடியில் வாயுவாகிறது, வாயு விரிய விரிய அதன் அழுத்தம் அதே விகிதத்தில் குறைகிறது என்று அவர் கொண்டார். அந்த எளிய கணக்கை 23 சென்டிமீட்டர் நீளமுள்ள கைத்துப்பாக்கிக் குழலுக்குப் பொருத்திப் பார்த்தேன். குழலில் 1.5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் மருந்தை இரு மடங்காக்கினால், குண்டு பெறும் ஆற்றல் ஒன்றரை மடங்குதான் ஆகிறது. வேகமோ ஏறத்தாழ 22 விழுக்காடு மட்டுமே கூடுகிறது. மருந்து நிறையும் அளவுக்கு வாயு விரிவதற்கான நீளம் குறைவதே காரணம். உண்மையில் மருந்து நொடியில் எரிவதில்லை என்பதால் இந்த 22 விழுக்காடும் தாராளமான மதிப்பீடு. மிஞ்சுவது குழலின் வாயில் வீணாகும் தீப்பிழம்பும், எரியாமல் சிதறும் துகள்களும், கையை மேலே தூக்கியடிக்கும் உதையும்தான். கருமருந்து மணிகள் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி எரிவதால், குட்டைக் குழலுக்குச் சிறு மணிகளும் பெரிய துப்பாக்கிக்குப் பருமணிகளும் பொருந்தும். ஆனால் இக்காலத்துப் புகையில்லா மருந்தை இத்தகைய குழலில் ஒரு சிட்டிகைகூட இடக்கூடாது. அது எழுப்பும் அழுத்தத்தைத் தாங்க இந்த இரும்பு செய்யப்படவில்லை.

இன்னொரு எச்சரிக்கை அளவைப் பற்றியதன்று, இடத்தைப் பற்றியது. குண்டு மருந்தின்மேல் அழுந்தி உட்கார்ந்திருக்க வேண்டும். பாதி வழியில் நின்றுவிட்டால், நடுவிலுள்ள வெற்றிடத்தில் வேகமெடுத்து வரும் வாயு அசையாத குண்டில் மோதும் இடத்தில் அழுத்தம் திடீரென உயர்ந்து, குழல் வளையம்போல் புடைத்துவிடும். சில வேளை பிளந்தும்விடும். அதற்காகத்தான் அனுபவமுள்ளவர்கள், குண்டை உள்ளே தள்ளி அழுத்தும் இடிகம்பியில், சரியாகக் கெட்டித்தபோது அது வெளியே நிற்கும் உயரத்தைக் கீறி அடையாளமிட்டு வைப்பார்கள்.

ஒற்றைக் குண்டுக்குப் பதிலாகச் சிறு ரவைகளை இடுவதும் வழுவழுப்பான குழலுக்கே உரிய வசதி. குண்டின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குள்ள ரவைகளை எடுத்தால், அதே எடைக்கு 125 ரவைகள் கிடைக்கும். ஆனால் காற்றை எதிர்க்கும் மொத்தப் பரப்பு ஐந்து மடங்காகிவிடுவதால் அவை விரைவிலேயே வேகத்தை இழக்கும். இங்கே மருந்துக்கும் ரவைக்கும் நடுவே வைக்கும் தக்கைதான் அடைப்பின் வேலையைச் செய்கிறது. மலையோரச் செய்திகளில் நாட்டுத் துப்பாக்கியோடு அடிபடும் ‘பால்ரஸ்’ எஃகுக் குண்டுகள் ஈயத்தைவிட எடை குறைந்தவை; குழலையும் கீறுபவை. (உரிமமின்றி நாட்டுத் துப்பாக்கியை வைத்திருப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம் என்பது தனிக் கதை.)

மருந்து, துணி, குண்டு ஆகிய மூன்றும் பொருந்திவிட்டாலும் ஒரு குறை தீர்வதில்லை. தளர்வான குண்டு குழலின் சுவர்களில் மாறி மாறி மோதி உருண்டு, கடைசியாக எந்தப் பக்கம் உரசியதோ அதற்கேற்ற சுழற்சியோடு வெளியேறுகிறது. சேப்பாக்கத்தில் சுழற்பந்து காற்றிலேயே விலகுவதைப் போல அந்தக் குண்டும் விலகும். ஆனால் பந்துவீச்சாளருக்குத் தெரியும் திசை சுடுகிறவருக்குத் தெரியாது. குழலின் நுனியை இடப்பக்கம் வளைத்துச் சுட்டு ராபின்ஸ் இதை மெய்ப்பித்தார். வளைவில் குண்டு வலச் சுவரை உரசியே செல்லும். வரிசையாக நிறுத்திய மெல்லிய திரைகளில் விழுந்த துளைகள், குண்டு முதலில் இடப்பக்கம் சென்று, பின்னர் வளைந்து வலப்பக்கம் திரும்பியதைக் காட்டின.

துணியால் இறுக்கிய குண்டு இவ்வாறு உருள்வது குறையும்; அறவே நிற்காது. குண்டு சுழலத்தான் போகிறது என்றால் அதன் அச்சை நாமே தீர்மானிப்பது நல்லது. குழலுக்குள் திருகுப் பள்ளம் வெட்டுவதன் பொருள் அதுவே. அத்தகைய குழல்களை முதலில் முழுமையாக ஏற்கும் நாட்டுக்குப் பெரும் மேலாதிக்கம் கிட்டும் என்று 1747இல் ராபின்ஸ் எழுதினார். அவரைப் பணியமர்த்திய கம்பெனியின் சிப்பாய்களோ, அதற்குப்பின் நூறாண்டு கடந்தும், 1850களில் திருகுப் பள்ளமுள்ள என்ஃபீல்டு துப்பாக்கிகள் வரும்வரை, பெரும்பாலும் வழுவழுப்பான குழல்களிலேயே தளர்ந்த குண்டுகளைக் கெட்டித்துக்கொண்டிருந்தார்கள்.