எம்.பி. நிதி யாருடைய பணம்?

பேருந்து நிழற்குடையில் நின்றால் தலைக்கு மேலே ஒரு பலகை இருக்கும். இன்ன எம்.பி.யின் தொகுதி மேம்பாட்டு நிதி, இத்தனை லட்சம் ரூபாய், இன்ன ஆண்டு. அதைப் பார்த்துப் பார்த்தே, எம்.பி. கையில் வருடத்துக்கு 5 கோடி ரூபாய் இருக்கிறது, மனது வைத்தால் எடுத்துக் கொடுப்பார் என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் அதில் ஒரு ரூபாய்கூட அவர் கைக்கு வராது. அவருக்கு இருப்பது பரிந்துரைக் கடிதம் எழுதும் உரிமை மட்டும்தான்.

கடிதம் மாவட்ட ஆட்சியருக்குப் போகும். வேலை விதிக்குள் வருகிறதா, இடம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பது, மதிப்பீடு தயாரிப்பது, நிர்வாக அனுமதி கொடுப்பது, டெண்டர் விடுவது எல்லாம் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. தகுதியில்லாத வேலை என்றால் 45 நாட்களுக்குள் காரணத்தோடு எம்.பி.க்குத் தெரிவிக்க வேண்டும். ஆக, பணம் மத்திய அரசுடையது, வேலை செய்வது மாநில நிர்வாகம், நடுவில் எம்.பி.யின் கடிதம். திட்டத்தின் சிக்கலெல்லாம் இந்த மூன்றுக்கும் இடையில்தான் இருக்கிறது.

1993 டிசம்பர் 23 அன்று மக்களவையில் பிரதமர் நரசிம்ம ராவ் இதை அறிவித்தார். முதல் ஆண்டில் ஓர் எம்.பி.க்கு 5 லட்சம்தான். அடுத்த ஆண்டே 1 கோடி, 1998-99இல் 2 கோடி, 2011-12 முதல் 5 கோடி. மக்களவை எம்.பி. தன் தொகுதிக்கும், மாநிலங்களவை எம்.பி. தன்னைத் தேர்ந்தெடுத்த மாநிலத்துக்கும் பரிந்துரைக்கலாம். நியமன எம்.பி.க்கு நாடு முழுவதும் திறந்திருக்கிறது. 15 சதவீதம் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும், 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிகளுக்கும் போக வேண்டும். அந்த ஆண்டு செலவழியாத தொகை காலாவதியாகாது, அடுத்த ஆண்டுக்குப் போகும்.

சரி, குடிநீர், உள்ளூர்ச் சாலை, ஊராட்சி எல்லாம் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் இருக்கும் விஷயங்கள். அதில் மத்திய அரசு எப்படிப் பணம் போடலாம்? இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2010 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு திட்டம் செல்லும் என்றது. தீர்ப்பை எழுதியவர் ஈரோட்டுப் பக்கத்துக்காரரான நீதிபதி சதாசிவம். பிடிமானமாக இருந்தது 282ஆவது பிரிவு. தனக்குச் சட்டம் இயற்ற அதிகாரம் இல்லாத விஷயமானாலும், பொதுநோக்கத்துக்காக மத்திய அரசோ மாநில அரசோ மானியம் தரலாம் என்கிறது அது. எம்.பி. பரிந்துரை மட்டுமே செய்கிறார், நிறைவேற்றுவது அதிகாரிகள்தான், அதனால் சட்டம் இயற்றுபவர் வேறு, நிறைவேற்றுபவர் வேறு என்கிற அதிகாரப் பிரிவினைக்கும் பங்கமில்லை என்றது நீதிமன்றம்.

சட்டப்படி சரிதான். ஆனால் குழாயின் திருகு டெல்லியில் இருக்கிறது என்பது 2020இல் தெரிந்தது. கொரோனாவைக் காரணம் காட்டி, ஏப்ரல் மாதம் மத்திய அமைச்சரவை இரண்டு ஆண்டுகளுக்கு இந்த நிதியை நிறுத்தியது. 2021 நவம்பரில் திரும்பத் திறந்தபோது, அந்த ஆண்டின் மீதிக்கு எம்.பி.க்கு 2 கோடி கிடைத்தது.

எம்.எல்.ஏ. நிதி வேறு கணக்கு. அது முழுக்க மாநில அரசின் பணம். எவ்வளவு, எதற்கு, தொடர்வதா வேண்டாமா என்பதெல்லாம் மாநிலத்தின் முடிவு. பீகாரில் 2010இல் நிதிஷ் குமார் அரசு எம்.எல்.ஏ. நிதியையே எடுத்துவிட்டது. எம்.பி. நிதியை அப்படி எந்த மாநிலமும் நிறுத்த முடியாது. தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ. தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி. நம்மூரில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். ஆறு எம்.எல்.ஏ.க்களுக்கும் சேர்த்து 18 கோடி வருகிறது. எம்.பி.யின் 5 கோடியைப் பிரித்தால் சட்டமன்றத் தொகுதிக்கு 83 லட்சம்தான். தெரு விளக்குக்கும் நாடக மேடைக்கும் எம்.பி. வீட்டு வாசலில் நிற்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

இதில் இடிபடுவது மாநிலத்தைவிட ஊராட்சிதான் என்பது என் வாதம். ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பு அங்கீகாரம் தந்த 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே டிசம்பரில் எம்.பி. நிதி. எந்தத் தெருவுக்கு எது வேண்டும் என்று கிராம சபை முடிவெடுக்கட்டும் என்று ஒரு கையால் கொடுத்துவிட்டு, மறு கையால் அதே முடிவில் எம்.பி.க்கும் ஒரு பங்கு வைத்தார்கள். இரண்டாம் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2007இல் எம்.பி., எம்.எல்.ஏ. நிதி இரண்டையுமே கைவிடச் சொன்னது. யாரும் கேட்கவில்லை. கட்சி வேறுபாடில்லாமல் எல்லோருக்கும் பிடித்த திட்டமாயிற்றே!

இருக்கும்வரை பயன்படுத்திக்கொள்வோம். கோயில், மசூதி, சர்ச் போன்ற வழிபாட்டு இடங்களுக்கும் மத அமைப்புகளின் நிலத்துக்கும் இந்த நிதி கிடையாது. நிலம் வாங்கவும் முடியாது. அதனால் மனு எழுதும் முன் இடம் அரசுப் புறம்போக்கா, ஊராட்சிக்குச் சொந்தமா என்று வி.ஏ.ஓ.விடம் கேட்டு சர்வே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கிராம சபைத் தீர்மான நகல் ஒன்றையும் வைத்தால் மனுவுக்குக் கனம் கூடும். அப்புறம், கட்டி முடித்ததைப் பராமரிப்பது எம்.பி. வேலை இல்லை. உயர்கோபுர விளக்கு எரிய ஆரம்பித்ததும் மின்கட்டண ரசீது ஊராட்சி அலுவலகத்துக்குத்தான் வரும். அந்தக் கட்டணத்தைச் செலுத்தத் தயாரா என்று ஊராட்சித் தலைவரிடம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.