சுண்டல் தின்றால் வயிறு ஏன் பேசுகிறது?

நவராத்திரி வந்தால் எங்கள் வீட்டில் ஒன்பது நாளும் சுண்டல்தான். கொண்டைக்கடலை, மொச்சை, தட்டைப்பயறு என்று மாறி மாறி வரும். மூன்றாம் நாள் ராத்திரிக்குள் எல்லார் வயிறும் கடமுடா என்று பேச ஆரம்பித்துவிடும். "வாயுப் பண்டம், அளவா தின்னு" என்பார் பாட்டி. அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்த வாயுவில் பெரும்பங்கை உண்டாக்குவது நாம் அல்ல, நமக்குள் குடியிருப்பவர்கள்.

பயறு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் இருக்கின்றன. நாம் காப்பியில் போடும் சர்க்கரைக்குச் சொந்தம்தான். அதோடு கேலக்டோஸ் என்ற துண்டு ஒன்றோ இரண்டோ கூடுதலாக ஒட்டியிருக்கும். அந்த ஒட்டை வெட்டுவதற்கான நொதி நம் சிறுகுடலில் சுரப்பதே இல்லை. அதனால் சுண்டலின் இந்தப் பகுதி ஆறு மீட்டர் சிறுகுடலையும் சேதாரமில்லாமல் கடந்து, பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது.

அங்கே காத்திருக்கிறது ஒரு பெருங்கூட்டம். நம் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கலாம் என்று 2016-இல் ஒரு கணக்கு வெளியானது. அவற்றில் மிகப்பெரும்பாலானவை பெருங்குடலில்தான். ஆக்சிஜன் இல்லாத இடம் என்பதால், இட்லி மாவு புளிப்பதைப் போல, வந்ததை நொதிக்க வைத்துத்தான் அவை பிழைக்கின்றன. அப்போது ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் வெளிவருகின்றன. ஹைட்ரஜனில் கொஞ்சம் ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக மூச்சிலும் வரும். ஊதச் சொல்லி அதை அளந்தே சில குடல் கோளாறுகளைக் கண்டுபிடிக்கிறார்கள்.

வாயு வெறும் உபரி. முக்கியமான சரக்கு வேறு: அசிடேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறிய கொழுப்பு அமிலங்கள். உடம்பின் மற்ற செல்களுக்கு ரத்தம் சாப்பாடு கொண்டு போகிறது. பெருங்குடலின் உள்சுவர் செல்களோ தங்களுக்கு வேண்டிய ஆற்றலில் ஏறக்குறைய 70 சதவீதத்தை இந்தப் பியூட்டிரேட்டிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. பாக்டீரியாவின் கழிவுதான் குடல் சுவரின் சாப்பாடு!

இப்படி நமக்குச் செரிக்காமல், நமக்கு நல்லது செய்யும் பாக்டீரியாக்களுக்குத் தீனியாகும் பொருளுக்கு 'ப்ரீபயாடிக்' என்று 1995-இல் கிப்சன், ராபர்ஃப்ராய்டு என்ற இரு விஞ்ஞானிகள் பெயர் வைத்தார்கள். ப்ரோபயாடிக் என்பது வேறு, அது உயிருள்ள பாக்டீரியா. எல்லா நார்ச்சத்தும் ப்ரீபயாடிக் ஆகிவிடாது. கீரைத்தண்டின் முரட்டு நார் பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும். தாய்ப்பாலில் லாக்டோஸுக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடி அதிகம் இருப்பது குழந்தையால் செரிக்க முடியாத சர்க்கரைத் தொடர்கள். இந்தத் தொடர்கள் முக்கியமாகக் குழந்தையின் குடலில் வளரும் பாக்டீரியாவுக்காக!

வெங்காயமும் பூண்டும் ஃப்ரக்டோஸைச் சங்கிலியாகக் கோத்துச் சேமித்து வைக்கின்றன. அந்தக் கண்ணியையும் நம்மால் வெட்ட முடியாது. இதே வகைச் சங்கிலியான இனுலின் சிக்கரி வேரில் ஏராளம். உடனே ஃபில்டர் காப்பிக்கு நியாயம் கற்பிக்க வேண்டாம். வறுக்கும்போது அதில் நிறைய சிதைந்துவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது சோற்றின் கதை. எலுமிச்சை சாதம் கிளறுபவர்களுக்குத் தெரியும்: சுடுசோற்றில் கிளறினால் குழைந்துவிடும், தாம்பாளத்தில் கொட்டி ஆறவிட்டால் பருக்கை பருக்கையாக நிற்கும். ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் இருந்த சோறோ இன்னும் விறைப்பு. விரலால் நசுக்கினால் மசியாது, உதிரும். ஈரம் காய்ந்ததால் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது மட்டும் இல்லை. கொதிக்கும்போது மாவுச்சத்தின் இழைகள் தண்ணீரைக் குடித்து அவிழ்ந்துவிடுகின்றன. நொதி சுலபமாக உள்ளே புகுந்து வெட்டும். ஆறும்போது, அவற்றில் கிளையில்லாத நீள இழைகளான அமைலோஸ் இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு இறுகிவிடுகின்றன. அந்த முறுக்குக்குள் நொதி நுழைய முடியாது. அவிழ்க்க 100 டிகிரிக்கும் மேல் சூடு வேண்டும் என்பதால், ஆறிய சோற்றைச் சூடுபடுத்தினாலும் முறுக்கு பெரும்பாலும் தங்கிவிடுகிறது. இப்படிச் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் பாக்டீரியாவுக்குத் தீனியாகும் மாவுச்சத்துக்கு ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச் என்று பெயர். புழுங்கல் அரிசியை நெல்லாகவே அவித்து உலர்த்துவதால், இந்த வேலை ஒரு சுற்று ஆலையிலேயே நடந்துவிடுகிறது.

எவ்வளவு கூடும்? 2015-இல் வெளியான ஓர் இந்தோனேசிய ஆய்வில், 100 கிராம் சுடுசோற்றில் ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச் 0.64 கிராம் இருந்தது. அதையே 24 மணி நேரம் குளிரவைத்துச் சூடாக்கியபோது 1.65 கிராம். இரண்டரை மடங்கு என்று தலைப்புப் போட்டுவிடலாம், ஆனால் கூடியது ஒரே ஒரு கிராம். பழைய சோற்றைச் சர்வரோக நிவாரணி ஆக்குபவர்கள் இந்த ஒரு கிராமை நினைவில் வைப்பது நல்லது. பக்கத்தில் கடித்துக்கொள்ளும் சின்ன வெங்காயத்தையும் சேர்த்தால் தீனி இரண்டு வகையாகிறது, அவ்வளவுதான். அப்புறம், ஆறட்டும் என்று சோற்றை மணிக்கணக்கில் வெளியே விட்டுவிடாதீர்கள். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா அதில் வளர்ந்து நஞ்சு விடும்; அது சூடாக்கினாலும் போகாது.

மொத்தச் சாப்பாடும் மாறினால்தான் பெரிய வித்தியாசம் தெரிகிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் வாழும் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் 20 பேரும், தென்னாப்பிரிக்கக் கிராமத்தவர் 20 பேரும் இரண்டு வாரத்துக்கு ஒருவர் சாப்பாட்டை மற்றவர் சாப்பிட்டார்கள். 2015-இல் முடிவு வந்தது. நார்ச்சத்து கூடிய அமெரிக்கர்களின் குடலில் பியூட்டிரேட் இரண்டரை மடங்கானது. பர்கருக்கு மாறிய கிராமத்தவர்களுக்குப் பாதியாகச் சரிந்தது. வெறும் இரண்டே வாரத்தில்!

இது எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது என்பதையும் சொல்ல வேண்டும். எரிச்சல் குடல் நோய் உள்ள பலருக்கு வெங்காயமும் பூண்டுமே வலியைக் கிளப்பும்; அவர்கள் டாக்டரைக் கேட்டுச் சாப்பிடுவதே சரி.

சரி, சுண்டலுக்கு வருவோம். கடலை ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவைத்தால் வாயு குறையும். ராஃபினோஸில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடுவதே காரணம். அதாவது, பாக்டீரியாவின் தீனியும் கொஞ்சம் சாக்கடைக்குப் போகிறது. இன்னொரு வழியும் உண்டு. வாரக்கணக்கில் தினமும் அரை கப் பயறு சாப்பிட்ட அமெரிக்கர்களில் பெரும்பாலோருக்கு, ஆரம்பத்தில் கூடிய வாயுத் தொல்லை நாளடைவில் அடங்கியிருக்கிறது. எங்கள் வீட்டுக் கோளாறு இப்போதுதான் புரிகிறது: ஒன்பது நாள் அடித்துத் தின்றுவிட்டு, அடுத்த புரட்டாசி வரைக்கும் கொண்டைக்கடலை டப்பாவைத் திறப்பதே இல்லை.